பல் டாக்டர் காரின் நாலு சக்கரம்

6 ஜனவரி 2025, திங்கள்

டச்சுக்காரன் கப்பலை விட்டு இறங்கிய நாளுக்குப் பிறகு பழவேற்காட்டுக்கு இப்படி ஒரு வரவு வாய்த்ததில்லை. காலை பதினொன்றரை மணிக்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றது. நின்றது என்பதைவிடப் படுத்தது என்பதே பொருத்தம். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. வேடிக்கை பார்க்கப் பத்தாயிரம் பேர் கூடிவிட்டார்கள். சரி, பதினாலு பேர். அதில் இரண்டு ஆடு.

பட்டறை என் தங்கை காந்தாவின் மகள் நிவேதாவுடையது. ஒரகடத்தில் கார் சக்கரம் வார்க்கும் கம்பெனி ஒன்றில் நாலு வருடம் பூச்சுப் பிரிவில் இருந்தாள். போன ஆனி மாதம் வேலையை விட்டுவிட்டு வந்து, பொன்னேரி சாலையில் என் வீட்டை ஒட்டிய நெல் கொட்டகையைக் கேட்டாள். கொடுத்தேன். கொட்டகை என்ன, சாம்ராஜ்ஜியத்தையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன், கொட்டகைதான் இருந்தது. பீரோ அளவுக்கு ஓர் அடுப்பு வாங்கி வைத்திருக்கிறாள். நிறப் பவுடரைத் தூவி அதற்குள் வேக வைத்தால் இரும்பானாலும் அலுமினியமானாலும் மேலே தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. இதுவரை அந்த அடுப்பில் வெந்தவை: ஜன்னல் கம்பி, கேட்டு, தையல் மிஷின் கால். சக்கரம் ஒன்றுகூட இல்லை.

காந்தா கெடு வைத்திருக்கிறாள். சித்திரை ஒன்றாம் தேதி. அதற்குள் கார் சக்கர வேலை வரவில்லை என்றால் பெண் ஒரகடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். “கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கவா டிப்ளமா படிச்சா?” என்று தினம் மூன்று வேளை கேட்கிறாள், சாப்பாட்டோடு.

ஆகவே இன்று அந்தச் சிவப்புக் கார் வந்து படுத்ததும் நான் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். வரலாறு வரும்போது பனியனோடு நிற்கக் கூடாது.

7 ஜனவரி, செவ்வாய்

நேற்றைய மிச்சத்தை எழுதுகிறேன். கார்க்காரர் டாக்டர் விஜயராகவன். பல் டாக்டர். சென்னையில் நாற்பது வருடம் ஊர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று, லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பில் வீடு கட்டியிருக்கிறார். கார் அவருடைய முப்பது வயது ஆசை. அறுபத்தைந்தில்தான், அதுவும் பழையதாக, கைக்கு வந்தது.

காரின் சக்கரங்களைப் பார்த்தேன். பார்க்கக் கூடாத கோலம். பளபளவென்று இருந்திருக்க வேண்டிய ஆரக்காலெல்லாம் உள்ளுக்குள் வெள்ளைப் புழு நெளிந்த மாதிரி கோடு கோடாக அரித்திருக்கிறது. சென்னையில் இரண்டு முறை கொடுத்துப் புதிதாகப் போட்டு வந்தாராம். இரண்டு முறையும் ஆறே மாதம். “சொத்தை” என்றார். பாவம், தொழில் வார்த்தை. இத்தனைக்கும் கொட்டகைக்குள்ளேயே நிறுத்தி, போர்வை போர்த்தி, தினம் இரண்டு வேளை தன் கையால் கழுவுகிறார். நான் என்னையே அப்படிக் கழுவிக்கொள்வதில்லை.

அவருக்கு வேண்டியது குரோம். குனிந்தால் முகம் தெரிய வேண்டும். நிவேதா மரியாதையாகச் சொன்னாள்: இந்தக் காற்றுக்குக் குரோம் தாங்காது, ஒரு கீறல் விழுந்தாலும் உப்பு உள்ளே புகுந்துவிடும், சாம்பல் நிறத்தில் பவுடர் போட்டால் நிற்கும். டாக்டரின் முகம் சுருங்கியது. யோசித்துச் சொல்கிறேன் என்று காருக்குள் தன்னை மடித்து வைக்கத் தொடங்கினார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றவர் எவரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வருடம் பொன்னேரி–பழவேற்காடு பேருந்தில் கண்டக்டராக இருந்தவன். இறங்குகிற முகம் எனக்குத் தெரியும். ஓடிப் போய்க் கார்க் கதவில் கை வைத்தேன்.

சொன்னது இதுதான்: பாப்பா சின்னப் பொண்ணு, பயப்படுது. குரோம் போட்டே குடுத்துடலாம். பத்து வருஷத்துக்கு நான் பொறுப்பு. உப்புக் காத்து வந்து பார்க்கும், சலாம் போடும், போயிடும்.

டாக்டர் மலர்ந்தார். பிப்ரவரி இருபத்துமூன்று ஞாயிறன்று இதே மாதிரி கார் வைத்திருக்கும் நண்பர்கள் பதினோரு பேர் சென்னையிலிருந்து பூநாரை பார்க்க வருகிறார்களாம். அதற்குள் சக்கரம் மின்ன வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால், பதினொன்று நாலு நாற்பத்துநாலு சக்கரம். சித்திரை ஒன்றாவது, பங்குனி முப்பதாவது!

நான் திரும்பி நிவேதாவைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

8 ஜனவரி, புதன்

பேசவில்லை.

9 ஜனவரி, வியாழன்

இன்று பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

“மாமா, நீ சொன்ன பத்து வருஷத்துக்கு என் பேர்லதான் பில்லு. ஆறு மாசத்துல அது அரிச்சுதுன்னா, அந்தப் பதினோரு பேரும் எங்கிட்ட வர மாட்டாங்க. வராதது மட்டும் இல்ல, எல்லார் கிட்டயும் சொல்லுவாங்க.”

குரோமை அவளே போடவும் முடியாது. அம்பத்தூருக்கு அனுப்பி முலாம் போட்டு வாங்க வேண்டும். கெட்டுப்போனால் கெட்ட பெயர் மட்டும் நமக்கு.

நான் விடவில்லை. பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்றேன். எந்தப் பூச்சு நல்லது என்று கம்பெனிக்காரன் புத்தகம் சொல்லக் கூடாது, கடல் சொல்லட்டும். அது அவளுக்கே பிடித்துவிட்டது. கம்பெனியிலும் உப்புத் தண்ணீரைப் புகையாக அடித்து இப்படித்தான் பார்ப்பார்களாம். காயலான் கடையில் உடைந்த சக்கரம் ஒன்றை வாங்கி அறுத்தாள். மொத்தம் ஐந்து துண்டு. குரோம் ஒன்று, கடைசல் பிடித்து மேலே வார்னிஷ் பூசிய டைமண்ட் கட் ஒன்று, மங்கல் கறுப்பு, சாம்பல், வெண்கல நிறம் என்று பவுடரில் மூன்று. முதல் இரண்டையும் கம்பெனி சிநேகிதி, கழித்துப்போட்ட சக்கரங்களில் அறுத்து, சாயங்காலமே கொடுத்தனுப்பினாள். ஐந்தின் முதுகிலும் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறினாள். உப்பு உள்ளே போக வழி விட வேண்டுமாம். பஞ்ச பாண்டவர் முதுகில் ஆணி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

11 ஜனவரி, சனி

லைட்ஹவுஸ் குப்பத்து எல்லப்பன் படகின் முகப்பில் ஐந்தையும் நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. எல்லப்பன் என் பேருந்தின் ஆயுட்காலப் பயணி. நண்டுக் கூடையை எஞ்சின் மேல் வைத்ததற்காக அவனை நான் இறக்கிவிட்ட தடவைகள் ஆயிரம் இருக்கும். அன்று முதல் நண்பன்.

பார்த்துவிட்டு, “இன்னா கண்டக்டரே, படகுக்குக் கொலுசா?” என்றான்.

அறிவியல் என்றேன். இருபத்தொரு நாள். தினம் கடலுக்குப் போகட்டும், அலை அடிக்கட்டும், வாடைக் காற்று தின்னட்டும். வேறொன்றும் செய்ய வேண்டாம், மறந்துவிடு என்றேன். தலையை ஆட்டினான்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். காந்தா வெல்லத்தைக் கொட்டியிருந்தாள். நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு என்று சொன்னேன். நிவேதா அடுப்புக்குக் குங்குமம் வைத்தாள், பீரோவுக்கு வைக்கிற மாதிரி. ஒரகடத்து சூப்பர்வைசர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். இடம் இன்னும் காலியாக இருக்கிறதாம். காந்தா அதை இரண்டு முறை எங்களுக்குச் சொன்னாள்.

22 ஜனவரி, புதன்

டாக்டர் போன் செய்து, நாள் நெருங்குகிறதே என்றார். கடலே கையெழுத்துப் போட்டுத் தரப்போகிறது, பொறுங்கள் என்றேன். சிரித்தார். நல்ல மனிதர். நல்ல பல்.

1 பிப்ரவரி, சனி

வெற்றி! வெற்றி! யானை மேல் முரசு ஏற்றுக! யானை இல்லாவிட்டால் டெம்போ போதும்.

இருபத்தொரு நாள் வங்கக் கடலோடு போர் புரிந்து திரும்பிய குரோம், கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. குனிந்தேன். என் முகம் தெரிந்தது, மூக்கு கொஞ்சம் பெரிதாக. பெருக்கல் குறியில்கூட ஒரு புள்ளி துருவில்லை. நிவேதா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மற்ற நான்கையும் பார்த்தாள். மறுபடி குரோமைப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

“அஞ்சுமே நல்லா கீது மாமா. அதான் இடிக்குது. பரீட்சை எழுதின அஞ்சு பேரும் நூத்துக்கு நூறுன்னா, வாத்தியாரைத்தான் சந்தேகப்படணும்.”

வாத்தியார் வங்கக் கடல், அவரைச் சந்தேகப்பட நமக்கு என்ன தகுதி என்றேன். அவள் இன்னொரு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்று முடிப்பதற்குள் நான் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன். அவர் பட்டறைக்கே வந்து குரோம் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். சக்கரம் நாலையும் கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். கார் இப்போது அவர் வீட்டில் நாலு மரக்கட்டை மேல் நிற்கிறது. திங்கட்கிழமை காலை பிரதாப்பின் டெம்போவில் சக்கரங்கள் அம்பத்தூர் போகின்றன.

சாயங்காலம் நிவேதா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பல் நிறத் துண்டைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவிடம் சொன்னாள், என்னிடம் இல்லை: நாலு வருஷம் நான் கத்துகிட்டதே தப்போ என்னமோ. அம்மா, அந்த சூப்பர்வைசர் நம்பர் உன்கிட்ட இருக்கா?

காந்தா போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்கே அது பிடிக்கவில்லை என்று தோன்றியது.

நான் ஜெயித்த நாள். கொண்டாட வாங்கிய கால் கிலோ மிக்சர் பிரிக்காமலே கிடக்கிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா. இது என் நோட்டு. இதிலும் அளந்தால் பிறகு எதில்தான் உள்ளதைச் சொல்வேன்?

எல்லப்பனுக்கு நன்றி சொல்ல லைட்ஹவுஸ் குப்பம் போனேன், கால் கிலோ மிக்சரோடு. அப்போதுதான் கரைக்கு வந்திருந்தான். படகிலிருந்து எஞ்சினை இறக்கி, நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் வாலை விட்டு ஓடவிட்டான். கடல் தண்ணீர் உள்ளே தங்கினால் எஞ்சின் செத்துவிடும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுவது எல்லாரும் செய்வதுதான். குடிக்கிற தண்ணீரைக் குறைத்தாலும் எஞ்சினுக்குக் குறைக்க மாட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே மிக்சர் தின்றேன்.

பிறகு அவன் அதே டிரம்மிலிருந்து ஒரு குடம் மொண்டுகொண்டு போய்ப் படகின் முகப்பில், அந்த ஐந்தும் தொங்கிய வெறும் கயிற்றின் மேல் ஊற்றினான். ஊற்றிவிட்டு அவனே சிரித்தான்.

“கை பழக்கம், கண்டக்டரே. இருபது நாளா ஊத்திகினு இருந்தேன் இல்ல. எஞ்சினு மட்டும் குளிச்சா, அதுங்க அஞ்சும் பாவம்.”

தினமும்?

தினமும். துணி வைத்துத் துடைத்தும் விட்டிருக்கிறான். கண்டக்டர் பொருளாச்சே, கெட்டுப்போய்க் கொடுக்கக் கூடாதாம். மறந்துவிடு என்று நான் சொன்னதை அவன் நான் உதவி கேட்கத் தயங்குவதாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

என்ன செய்ய அவனை? கட்டிப்பிடிப்பதா, கடலில் தள்ளுவதா?

அந்தப் பொண்ணு சொன்னது சரி. நாலு வருஷம் கத்துகினது சரி. நான்தான்… இந்த வாய் இருக்கே, இந்த வாயை வச்சிகினு முப்பத்திரண்டு வருஷம் எப்படித்தான் வேலை பார்த்தேன்? இப்ப சொன்னா டாக்டர் போயிடுவார். பதினோரு பேரும் போயிடுவாங்க. சித்திரை வந்துடும். சொல்லலன்னா? ஆறு மாசம் எல்லாரும் சிரிச்சிகினு இருப்பாங்க. அப்புறம்?

சாயங்காலம் சொல்லத்தான் போனேன். அவள் நாலு சக்கரத்தையும் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள், பிரசவத்துக்கு அனுப்புகிற மாதிரி. ஐந்நூறு பேரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய வாய், கயிறு எங்கே என்று கேட்டது. கயிறு முடிச்சுப் போட மட்டும் உதவினேன். இறுக்கமாகப் போட்டேன்.

3 பிப்ரவரி, திங்கள்

காலை ஆறரைக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது டெம்போ கிளம்பும் சத்தம் கேட்டது. ஏழரை என்றுதான் சொல்லியிருந்தான். பிரதாப் சொன்ன நேரத்துக்கு முன்னால் கிளம்பியது அவன் வாழ்க்கையிலேயே இன்றுதான்.

ஓடினேன். நுரையோடு ஓடினேன். டெம்போ பொன்னேரி சாலையில் ஏறிவிட்டது. கத்த முடியவில்லை, வாய் நிறைய பேஸ்ட். லுங்கி மடிப்பில் சாவிக்கொத்து இருந்தது, சாவிக்கொத்தில் என் விசில் இருந்தது. துப்பிவிட்டு ஒரே ஒரு நீள விசில் அடித்தேன்.

டெம்போ நின்றது. பிரதாப் பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் என் பேருந்தில் போய்த்தான். ஒரு விசிலுக்குக் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டதாம். அவன் மட்டுமா, எதிரே வந்த பால் வண்டியும் நின்றது. ஒரு மாடும்.

நிவேதா ஓடி வந்தாள். சாலை ஓரத்தில், பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், குடம், துணி. அலங்காரம் இல்லாமல் சொன்னேன். அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு குறைவான நேரம் ஆகிறது!

அவள் டெம்போவில் ஏறி ஒரு சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

“அப்ப நான் கத்துகிட்டது தப்பில்ல.”

தப்பில்லை என்றேன்.

“நேத்தே தெரியுமா உனக்கு?”

தெரியும் என்றேன்.

வாயைத் துடைச்சிக்கோ என்றாள். பிறகு பிரதாப்பிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள். டாக்டரிடம் நான்தான் சொல்ல வேண்டும், அவளும் வருவாள், நடுவில் கடல், யானை, முரசு எதுவும் வரக் கூடாது என்றாள். ஒத்துக்கொண்டேன்.

4 பிப்ரவரி, செவ்வாய்

நீளமாக எழுத வேண்டிய நாள்.

காலை ஒன்பது மணிக்கு டாக்டர் வீட்டுக்குப் போனோம், ஐந்து துண்டையும் பையில் போட்டுக்கொண்டு. அவர் அரைக்கால் சட்டையோடு, மரக்கட்டை மேல் நிற்கும் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். சக்கரம் இல்லாத காருக்கும் இரண்டு வேளைக் குளியல். நீல டிரம்மிலிருந்து மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினார்.

நான் நின்றபடியே சொன்னேன். பத்து வருஷம் என்று நான் சொன்னது எனக்கே தெரியாத விஷயம். பரீட்சை கெட்டுவிட்டது. குரோம் இங்கே நிற்காது. பாப்பா முதல் நாள் சொன்னதுதான் சரி.

டாக்டர் மக்கைக் கீழே வைத்தார்.

“மிஸ்டர் செங்கல்வராயன், நீங்க பேசறதை நான் எப்பவும் பத்தால வகுத்துத்தான் எடுத்துக்கறது. பத்து வருஷம்னப்பவே ஒரு வருஷம்னு வெச்சுக்கிட்டேன்.” கையைச் சட்டையில் துடைத்தார். “அந்த ஒரு வருஷமும் இல்லையா?”

இல்லை என்றேன். அறுபத்தெட்டு வயது ஆள் அப்படி ஒரு முகத்தோடு நின்று நான் பார்த்ததில்லை. கடைசி பஸ் போன பிறகு நிற்கிற முகம். சரி, சென்னையிலேயே மறுபடி பார்க்கிறேன் என்று முனகிக்கொண்டு மக்கை எடுத்தார். போயிற்று, நாற்பத்துநாலும் போயிற்று என்று நினைத்தேன்.

நிவேதா அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நின்ற இடத்தைச் சுற்றிச் சிமென்ட் தரையில், தண்ணீர் காய்ந்த ஓரமெல்லாம் வெள்ளையாகக் கோலம் போட்ட மாதிரி ஒரு கோடு. அவள் குனிந்து விரலால் தொட்டாள். இது என்ன தண்ணீர் என்று கேட்டாள்.

டாக்டர் பெருமையாகச் சொன்னார். இந்தத் தோப்பில் போர் போட்டால் வருவது உப்பு. அதைக் குடிதண்ணீராக்க ஆர்.ஓ. மிஷின் வைத்திருக்கிறார். மிஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுத்தால் இரண்டு குடம் கழித்து விடும். அந்தத் தண்ணீரை வீணாக்க மனம் வருமா? மூன்று வருடமாக டிரம்மில் பிடித்து அதில்தான் காரைக் கழுவுகிறார்.

நான் டிரம்மில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கடல் தேவலை. இதில் வஞ்சிரத்தை ஊறப்போட்டால் நேரே கருவாடாக எழுந்து வரும். இதில் ஒரு துளி மிகை இல்லை.

நிவேதா மெதுவாக விளக்கினாள். மிஷின் உப்பைத் தின்றுவிடுவதில்லை டாக்டர். குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பையும் சேர்த்து இந்தத் தண்ணீரில்தான் தள்ளுகிறது. கழுவின ஒவ்வொரு வேளையும் உப்புதான் தடவியிருக்கீங்க.

டாக்டர் கார் ஓரமாகப் படியில் உட்கார்ந்துவிட்டார். மக்கில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினார்.

“மூணு வருஷமா பல்லைச் சர்க்கரையால விளக்கியிருக்கேன்” என்றார்.

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் நிவேதா. நான் கடைசியில், அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு.

பிறகு அவரே கேட்டார். நல்ல தண்ணீரில் கழுவினால் குரோம் போடலாமா? இந்த இடத்தில் அவள் ஆமாம் என்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவள் சொன்னாள்: எல்லப்பன் மாதிரி தினம் கழுவித் துடைத்தால் கொஞ்ச காலம் நிற்கும். ஒரு வாரம் ஊருக்குப் போனால் போயிற்று. நானாக இருந்தால் போட மாட்டேன்.

டாக்டர் எழுந்து உள்ளே போனார். துரத்தத்தான் தடி எடுக்கப் போகிறார் என்று நான் வாசலைப் பார்த்து நின்றேன். கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். திறந்தால் வரிசையாகப் பதினாறு பல்! ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை. பொய்ப்பல் கட்ட வருகிறவர் வாய்ப் பக்கத்தில் அதை ஒவ்வொன்றாக வைத்து, பகல் வெளிச்சத்தில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்துத்தான் நிறம் தேர்ந்தெடுப்பார்களாம். எல்லாருமே வந்து கேட்பது இருப்பதிலேயே வெள்ளையான வெள்ளையை. அதைப் போட்டால் வாய் தனியாகப் பல் தனியாகத் தெரியும் என்றார். நாற்பது வருஷம் எல்லாருக்கும் சொன்னேன், என் காருக்கு எனக்குத் தோணலையே.

கார் மேல் வெயில் விழக் கொட்டகைக் கதவை முழுதும் திறந்தார். பையிலிருந்து துண்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகச் சக்கரம் இருக்க வேண்டிய பள்ளத்தின் அருகே பிடித்தார். கண்ணைப் பாதி மூடினார். குரோம் – அந்தப் பழைய, வெயில் தின்ற சிவப்புக்குப் பக்கத்தில் – கிழவன் வாயில் புதுப் பல் செட். அவரே கீழே வைத்துவிட்டார். கறுப்பு, வெறும் ஓட்டை மாதிரி இருந்தது. நிவேதாவின் சாம்பல் நிறம் நன்றாகத்தான் இருந்தது. அங்கே கொஞ்சம் நேரம் நின்றார். கடைசியாக வெண்கலம். யாருமே பேசாத வெண்கலம். நானும் அதற்காகப் பரிந்து பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அதைப் பிடித்ததும் சிவப்பு கொஞ்சம் ஆழமானது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

“இது நிக்குமா?” என்று அவளைக் கேட்டார்.

“இதுவும் பவுடர்தான். நிக்கும். நல்ல தண்ணியில கழுவினா.”

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

12 பிப்ரவரி, புதன்

பழைய பூச்சை உரித்து, மணல் அடித்து, சொத்தை எடுத்து அடைத்தாயிற்று. பவுடர் போடுவதற்கு முன் வெறும் சக்கரத்தை ஒரு முறை வேக வைக்க வேண்டுமாம். உலோகத்துக்குள் அடைந்து கிடக்கும் காற்று முதலிலேயே வெளியேறாவிட்டால் பூச்சில் கொப்புளம் வரும். மூன்றாவது சக்கரத்தில் அப்படியும் ஒரு கொப்புளம், மிளகு அளவு. யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். அதை முழுக்க உரித்து முதலிலிருந்து தொடங்கினாள். காந்தா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்று பார்த்தாள்.

18 பிப்ரவரி, செவ்வாய்

நாலும் மாட்டியாயிற்று. டாக்டர் காரைச் சுற்றி வந்தார். பூமியைச் சுற்றிய அளவுக்குச் சுற்றினார். நாலு கேன் நல்ல தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறார், ஆர்.ஓ. டிரம்மைக் கவிழ்த்துவிட்டார்.

23 பிப்ரவரி, ஞாயிறு

பதினோரு கார் வந்தது. பதினொன்றேதான், நிறம் நிறமாக, பொன்னேரி சாலையில் மாம்பழக் கூடை சாய்ந்த மாதிரி. காலையில் ஏரியில் பூநாரை பார்த்தார்கள். மதியம் டாக்டர் வீட்டில் இறால் சோறு. மூன்று மணிக்குப் பட்டறைக்கு வந்தார்கள். எனக்கு நிவேதா வகுத்திருந்த இடம்: அடுப்புக்குப் பின்னால்.

மஞ்சள் கார் ஓட்டி வந்த அம்மாள் ஒருத்தர் குனிந்து டாக்டர் கார்ச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்குள் கட்டைவிரலை விட்டு ஓரம் ஓரமாகத் தடவினார். அடுத்த சக்கரத்துக்குப் போனார். நாலையும் தடவினார். பிறகுதான் யார் செய்தது என்று கேட்டார்.

டாக்டர் நிவேதாவைக் காட்டினார். “இந்தப் பொண்ணுகிட்ட குரோம் மட்டும் கேட்காதீங்க. போட மாட்டா. ஏன்னு கேளுங்க, சொல்லுவா.”

கேட்டார்கள். அவள் சொன்னாள். அரை மணி நேரம் சொன்னாள். ஐந்து துண்டும் கை மாறிக் கை மாறிப் போயின. ஒருத்தர் அங்கேயே சக்கரத்தைக் கழற்றித் தருவதாகச் சொன்னார். எதில் திரும்பிப் போவார் என்று அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

காந்தா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “இவ்ளோ பேசுவாளா இவ?” என்று என்னைக் கேட்டாள். நான் அடுப்புக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் ஆட்டினேன்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. வெயில் கொளுத்துகிறது. மாங்காய்ப் பச்சடி.

நேற்று முழுக்க அடுப்பு எரிந்தது. நிவேதா காலையில் குளித்துச் சாமி கும்பிட்டு, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் ஃபேன் கீழே பாயில் விழுந்தாள். இன்னும் எழவில்லை. விரல் நகத்திலெல்லாம் வெண்கலப் பவுடர்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் நாலு சக்கரம். வந்தவர் மீஞ்சூரிலிருந்து வருகிறாராம். நல்ல நாளாச்சே, இன்றைக்கே கொடுத்துவிடலாம் என்று வந்தாராம். நான் எழுந்திருப்பதற்குள் காந்தா கரண்டியோடு வெளியே போனாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நாளைக்கு வாங்க. முதலாளி தூங்குறாங்க.”